யார் பெயரில் வழக்கு

முதியோர் இல்லத்தில் நம் வீட்டுப் பெரியவருக்குத் தீங்கு நேர்ந்தது தெரியவரும்போது, சட்டப்படி நடவடிக்கை எடுப்பதா வேண்டாமா என்ற கேள்வியைப் பெரும்பாலான குடும்பங்கள் ஓரிரு நாளிலேயே முடித்துவிடுகின்றன. கோபம் மிகுந்தவர்கள் காவல் நிலையத்துக்குப் போகிறார்கள். களைத்துப்போனவர்கள் பெரியவரை வேறிடத்துக்கு மாற்றிவிட்டு, நடந்ததைப் பேசாமல் விட்டுவிடுகிறார்கள். எங்கள் குடும்பம் இந்த இரண்டுக்கும் நடுவே சில மாதங்கள் நின்றது. அந்த மாதங்களில் வழக்கறிஞரிடமும் மருத்துவரிடமும் கேட்டுத் தெரிந்துகொண்டதையும், எல்லாவற்றுக்கும் மேலாகச் சித்தி சொன்னதையும் இங்கே எழுதுகிறேன். விவகாரம் இப்போது விசாரணையில் இருப்பதால் இல்லத்தின் பெயரை எழுதவில்லை.

சித்தி அரசு உதவிபெறும் பள்ளி ஒன்றில் கணக்கு ஆசிரியையாக இருந்து ஓய்வுபெற்றவர். சித்தப்பா காலமாகிவிட்டார், பிள்ளைகள் இல்லை. இடுப்பு எலும்பு முறிந்து அறுவைச் சிகிச்சை ஆனபின் வாக்கர் இல்லாமல் நடக்க முடியாது என்ற நிலை வந்தது. யார் வீட்டிலும் போய் உட்கார மாட்டேன் என்று பிடிவாதமாகச் சென்னைப் புறநகரில் ஒரு கட்டண முதியோர் இல்லத்தை அவரே தேர்ந்தெடுத்தார். முன்பணமும் மாதக் கட்டணத்தின் பெரும்பகுதியும் அவருடைய பணம்தான். மீதியை நானும் அண்ணனும் கொடுத்துவந்தோம். சேர்க்கைப் படிவத்தில் பொறுப்பாளர் என்ற இடத்தில் கையெழுத்திட்டவன் நான்.

காய்ச்சலுக்காக அவரை மருத்துவமனையில் சேர்த்தபோது, உடை மாற்றிவிட்ட செவிலியர்தான் முதலில் பார்த்தார். அடிமுதுகில், வால் எலும்புக்கு மேலே, தோல் முழுவதும் அழிந்து உள்ளிருக்கும் கொழுப்புத் திசு தெரியும் அளவுக்குப் படுக்கைப்புண். மருத்துவர் அதை மூன்றாம் நிலை என்று குறித்தார். இரண்டு மணிக்கட்டுகளையும் சுற்றிக் கன்றிப்போன தடம் இருந்தது. இரவில் கழிப்பறைக்குப் போக எழுந்து விழுந்துவிடக் கூடாது என்று, பழைய புடவைக் கிழிசலால் கைகளைக் கட்டில் கம்பியோடு சேர்த்துக் கட்டியிருக்கிறார்கள். அங்கே இருந்தவரை சித்தி எங்களிடம் இதைச் சொல்லவில்லை. போனில் பேசும்போதெல்லாம் யாராவது ஒருவர் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார் என்பதைப் பிறகுதான் சொன்னார்.

இந்த இடத்தில் ஆத்திரத்தைவிட நிதானம்தான் எங்களுக்கு அதிகம் பயன்பட்டது. படுக்கைப்புண் இருப்பதே அலட்சியத்துக்குச் சாட்சி என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். ஆனால் சர்க்கரை நோய் முற்றியவர்களுக்கும், ரத்த ஓட்டம் குறைந்தவர்களுக்கும், சாப்பாடு இறங்காமல் உடல் வற்றிப்போனவர்களுக்கும் நல்ல கவனிப்பு இருந்தும் புண் வரக்கூடும் என்று மருத்துவர் எச்சரித்தார். எதிர்த்தரப்பு வழக்கறிஞர் முதலில் பிடித்துக்கொள்ளப் போவதும் இதைத்தான். எனவே கேட்க வேண்டியது, புண் வராமலிருக்க அவர்கள் என்ன செய்தார்கள் என்பது. தானாகப் புரள முடியாதவரை ஏறக்குறைய இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்கவைப்பது பராமரிப்பின் அரிச்சுவடி. அதற்கென ஒரு குறிப்பேடு இருந்ததா, காற்றுப் படுக்கை கொடுக்கப்பட்டதா, தோல் சிவந்த முதல் கட்டத்திலேயே வீட்டாருக்குத் தகவல் சொன்னார்களா என்று கேட்டோம். மூன்றுக்கும் இல்லை என்பதே பதில். மணிக்கட்டுத் தடத்துக்கும் இப்படி ஒரு மறுப்பு உண்டு. சித்தி இதயத்துக்காக, ரத்தம் கட்டியாகாமல் தடுக்கும் குளோபிடோக்ரெல் மாத்திரை சாப்பிடுகிறவர். அந்த மாத்திரை எடுப்பவர்களுக்கு லேசாக இடித்துக்கொண்டாலே தோல் கன்றும். ஆனால் இடித்துக்கொண்ட கன்றல் அங்கொன்றும் இங்கொன்றுமாக இருக்குமே தவிர, இரண்டு கைகளிலும் ஒரே உயரத்தில் முழுச் சுற்றாக வராது. மருத்துவர் அந்த வடிவத்தை அளவோடு கேஸ் ஷீட்டில் எழுதிவைத்தார். பின்னால் எங்களுக்கு அதிகம் உதவிய வரி அதுதான்.

வழக்குப் போடுவதா என்று முடிவெடுக்க எத்தனை மாதம் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம்; ஆனால் சான்றுகளைச் சேர்ப்பதற்கு அந்த அவகாசம் கிடையாது. அனுமதிக்கப்பட்ட அன்றே எடுத்த படங்கள், பக்கத்தில் அளவுகோல் வைத்து எடுத்தவை, முதல் நாள் மருத்துவக் குறிப்பு, டிஸ்சார்ஜ் சம்மரி, இல்லத்துடனான ஒப்பந்தம், கட்டண ரசீதுகள், மேலாளருடன் நடந்த வாட்ஸ்அப் உரையாடல் ஆகிய அனைத்தையும் ஒரு கோப்பில் சேர்த்தோம். சேர்த்த அன்றே புண் இருந்தது என்ற குறிப்பு இல்லாவிட்டால், அது மருத்துவமனையில்தான் வந்தது என்று இல்லம் சொல்லிவிட்டுப் போய்விடும். சிகிச்சை அளித்த மருத்துவமனை மருத்துவ-சட்ட வழக்காகப் பதிவு செய்து காவல் நிலையத்துக்குத் தகவல் அனுப்பியது, ஏ.ஆர். காப்பி என்று எல்லோரும் சொல்லும் அந்த விபத்துப் பதிவேட்டின் நகலைக் கேட்டு வாங்கிவிட வேண்டும். சி.சி.டி.வி. பதிவு சில வாரங்களில், சில இடங்களில் சில நாட்களிலேயே, தானாக அழிந்து அதன்மேல் புதுப் பதிவு ஏறிவிடும் என்பதால், அதைப் பாதுகாத்துவைக்கச் சொல்லி ஒப்புகை அட்டையுடன் பதிவுத் தபாலில் ஒரு கடிதம் அனுப்பினோம். பதிவைத் தருவார்கள் என்ற நம்பிக்கை இல்லை. கேட்ட பிறகும் அழியவிட்டார்கள் என்பது பிற்பாடு உதவும். படங்கள் எடுத்த போனையும் மாற்றவில்லை, ஏனென்றால் மின்னணுப் பதிவுகளைச் சான்றாகத் தாக்கல் செய்ய புதிய சாட்சியச் சட்டமான பாரதிய சாக்ஷிய அதிநியத்தின் 63ஆம் பிரிவின்படி சான்றிதழ் இணைக்க வேண்டும், அதற்கு மூலக் கருவி கையில் இருப்பது நல்லது.

காவல் நிலையத்தில் எங்களை மரியாதையாகவே உட்காரவைத்தார்கள். பிறகு, "பணம் கட்டித் தங்கின இடம், கன்ஸ்யூமர் கோர்ட்டுக்குப் போங்க சார்" என்றார்கள். அது பாதி உண்மை. இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவில், சாதாரணக் காயம் விளைவிப்பது 115ஆம் பிரிவில் வருகிறது. அதில் குற்றவியல் நடுவரின் உத்தரவு இல்லாமல் போலீஸார் விசாரிக்க முடியாது. ஆனால் ஒருவரைக் கட்டிப்போட்டு எங்கும் நகரவிடாமல் செய்வது 126, 127 பிரிவுகளுக்குள் வரும் என்றும், அவற்றில் நேரடியாக வழக்குப் பதியலாம் என்றும் எங்கள் வழக்கறிஞர் சுட்டிக்காட்டினார். எலும்பு முறிந்திருந்தால் அது கொடுங்காயமாகி, ஏழு ஆண்டு வரை தண்டனைக்குரிய 117க்குப் போயிருக்கும். நிலையத்தில் மறுத்தால் மேலதிகாரிக்கும், அதன்பின் நடுவர் நீதிமன்றத்துக்கும் போகும் வழியை புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 173, 175 பிரிவுகள் தருகின்றன. எல்லாவற்றுக்கும் முன் கேட்டு வாங்க வேண்டியது சி.எஸ்.ஆர். ரசீது, அது முதல் தகவல் அறிக்கை ஆகாது, ஆனால் நாம் எந்தத் தேதியில் என்ன புகார் கொடுத்தோம் என்பதற்கு ஆதாரம். பெரியவரைக் காவல் நிலையத்துக்கு இழுக்க வேண்டியிருக்குமோ என்பது எங்கள் பெரிய அச்சமாக இருந்தது. அது தேவையற்றது: பெண்களையும், அறுபது வயது கடந்த ஆண்களையும், உடல் நலிந்தவர்களையும் சாட்சியாக விசாரிக்க வேண்டுமென்றால் அவர்கள் இருக்கும் இடத்துக்குத்தான் போலீஸார் வர வேண்டும் என்று அதே சட்டத்தின் 179ஆம் பிரிவு சொல்கிறது.

குற்றவியல் சட்டத்தில் நான் தற்செயலாகக் கண்டுபிடித்த ஒரு சிறிய பிரிவைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. இளமையாலோ மனநலக் குறைவாலோ நோயாலோ உடல் பலவீனத்தாலோ தன்னைத் தானே பார்த்துக்கொள்ள முடியாத ஒருவரைக் கவனித்துக்கொள்வதாக ஒப்பந்தம் செய்துகொண்டவர், வேண்டுமென்றே அதைச் செய்யாமல் விட்டால் குற்றம் என்கிறது பாரதிய நியாய சன்ஹிதாவின் 357ஆம் பிரிவு. பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்தில் இது 491. அப்போது அபராதத்தின் உச்சவரம்பு 200 ரூபாய், இப்போது 5,000. சிறைத் தண்டனை அன்றும் இன்றும் மூன்று மாதம் வரைதான். கட்டண முதியோர் இல்லத்துக்கென்றே எழுதியதாகத் தோன்றும் இந்தப் பிரிவை நாங்கள் பேசிய வழக்கறிஞர்களில் எவரும் பயன்படுத்திப் பார்த்ததில்லை. இதிலும் போலீஸார் நேரடியாக விசாரிக்க முடியாது. ஆனாலும் இந்தப் பிரிவு கையைக் கட்டிய ஆயாவைத் தாண்டி ஒப்பந்தம் செய்துகொண்டவரை நோக்கி விரல் நீட்டுகிறது என்பதால், எங்கள் யோசனையின் போக்கை அது மாற்றியது. ஓராண்டு வரை சிறைத் தண்டனை உள்ள குற்றங்களை நீதிமன்றம் விசாரணைக்கு ஏற்க ஓராண்டுக் காலவரம்பு இருக்கிறது என்பதையும் சேர்த்து நினைவில் வைக்க வேண்டும்.

பாதுகாப்புக்காகத்தான் கட்டினோம் என்று இல்லம் எழுத்திலேயே பதில் தந்தது. மனநலப் பராமரிப்புச் சட்டம், 2017, மனநல நிலையங்களுக்கான சட்டம், முதியோர் இல்லங்களுக்கானதல்ல. என்றாலும் ஓர் ஒப்பீட்டுக்காக அதன் 97ஆம் பிரிவைப் பார்த்தேன். உடனடி ஆபத்தைத் தடுக்க வேறு வழியே இல்லாதபோது, பொறுப்பிலுள்ள மனநல மருத்துவரின் அனுமதியோடு, காரணத்தைப் பதிவு செய்து, தேவைக்கு மேல் ஒரு நிமிடமும் நீட்டிக்காமல்தான் ஒருவரைக் கட்டுப்படுத்தலாம் என்கிறது அது. மனநல மருத்துவமனைக்கே அத்தனை கட்டுப்பாடு இருக்கும்போது, இரவுப் பணிக்கு ஆள் குறைவு என்ற காரணத்துக்காக ஓய்வுபெற்ற ஆசிரியையைப் புடவைத் துணியால் கட்டிவைப்பதைப் பாதுகாப்பு என்று அழைப்பதற்குத் தனித் துணிச்சல் வேண்டும்.

முதியோர் என்றதும் எல்லோரும் நினைப்பது பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்பு மற்றும் நலச் சட்டம், 2007. எங்கள் நிலைமைக்கு அது அதிகம் உதவவில்லை. கோட்டாட்சியர் தலைமையிலான தீர்ப்பாயம் பிள்ளைகளிடமிருந்தும் உறவினர்களிடமிருந்தும் பராமரிப்புத் தொகை பெற்றுத் தருவதற்கானது. தனியார் இல்லத்தின் அலட்சியத்துக்கு இழப்பீடு வாங்கித் தருவதற்கானதல்ல. பராமரிப்பு இல்லங்களுக்குப் பதிவும் குறைந்தபட்சத் தரமும் வகுக்கும் திருத்த மசோதா ஒன்று 2019 டிசம்பரில் மக்களவையில் அறிமுகமாகி, சட்டமாகாமலே போனது. தமிழ்நாட்டில் சமூக நலத் துறையிடம் இல்லங்கள் பதிவு பெற வேண்டும், மாவட்ட சமூக நல அலுவலர் ஆய்வு செய்யலாம். அந்த அலுவலருக்கு எழுதும் புகாரால் நமக்கு ஒரு ரூபாயும் கிடைக்காது. ஆனால் உள்ளே மிச்சமிருப்பவர்களுக்குப் பயன்படக்கூடிய புகார் அது ஒன்றுதான். உடனடி உதவி தேவைப்படுபவர்கள் 14567 என்ற முதியோர் உதவி எண்ணை அழைக்கலாம்.

ஒரே ஒரு குடும்பம் கேட்டால் என்ன ஆகிவிடும் என்று அண்ணன் சலித்துக்கொண்டபோது, விழுப்புரம் மாவட்டம் குண்டலப்புலியூரில் 2023இல் நடந்ததை நினைவூட்டினேன். அங்கிருந்த ஆசிரமத்தில் சேர்க்கப்பட்ட முதியவர் ஒருவரைக் காணவில்லை என்று, அவருடைய உறவினரின் நண்பர் ஒருவர் சென்னை உயர் நீதிமன்றத்தில் ஆட்கொணர்வு மனு தாக்கல் செய்தார். அதைத் தொடர்ந்த சோதனையில்தான் நூற்றுக்கும் மேற்பட்டோர் மீட்கப்பட்டார்கள், அங்கே நடந்ததாகச் சொல்லப்படும் கொடுமைகள் வெளியே வந்தன, வழக்கு சி.பி.சி.ஐ.டி.க்கு மாறியது. எங்கள் விவகாரம் அந்த அளவினதல்ல. ஆனால் அங்கும் தொடக்கம், ஒரு முதியவர் எங்கே என்று விடாமல் கேட்ட ஒரு குடும்பம்தான்.

எங்களுக்குப் பொருந்திய வழி நுகர்வோர் குறைதீர் ஆணையம் என்பது மெல்லத் தெளிவானது. கட்டணம் பெற்றுத் தரும் பராமரிப்பு ஒரு சேவை. அதில் குறைபாடு இருந்தால் 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் புகார் செய்யலாம். இலவச இல்லங்களுக்கு எதிராக இந்த வழி திறக்காது என்பது வருத்தமான உண்மை. காரணம் எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுகளுக்குள் புகார் தாக்கலாக வேண்டும். செலுத்திய கட்டணம் 50 லட்சம் ரூபாய் வரை என்றால் மாவட்ட ஆணையம் போதும். 5 லட்சம் வரை தாக்கல் கட்டணமே இல்லை. எங்கள் தொகை அதைத் தாண்டி 10 லட்சத்துக்குள் இருந்ததால் 200 ரூபாய். இல்லம் இருக்கும் மாவட்டத்தில்தான் போட வேண்டும் என்பதில்லை, புகார்தாரர் வசிக்கும் மாவட்டத்திலும் போடலாம்; சித்தி இப்போது எங்கள் வீட்டில் இருப்பதால் இது பெரிய நிம்மதி. சாட்சியம் பெரும்பாலும் பிரமாணப் பத்திரமாகத் தரப்படுகிறது. பெண்களுக்கு வருமான வரம்பு பார்க்காமல் இலவச சட்ட உதவி உண்டு என்பதையும் இப்போதுதான் அறிந்தேன். மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவை அணுகினால் போதும்.

ஒப்பந்தத்தில் இரண்டு வாசகங்கள் எங்களை மிரட்டின. வளாகத்தில் நேரும் எந்த உடல் பாதிப்புக்கும் நிர்வாகம் பொறுப்பல்ல என்பது ஒன்று. எந்தத் தகராறும் நீதிமன்றத்துக்கு வெளியே, ஆர்பிட்ரேஷன் எனப்படும் நடுவர் தீர்ப்புக்கே போக வேண்டும் என்பது மற்றொன்று. முதலாவதைக் காட்டி அலட்சியத்திலிருந்து தப்பிவிட முடியாது என்றார் வழக்கறிஞர். இரண்டாவது, நுகர்வோர் ஆணையத்தின் கதவை அடைக்காது என்பது எமார் எம்.ஜி.எஃப். என்ற கட்டுமான நிறுவனத்தின் வழக்கில் உச்ச நீதிமன்றம் 2018இல் உறுதிப்படுத்திய நிலைப்பாடு. கையெழுத்துப் போட்டாயிற்றே என்று வாயை மூடிக்கொள்ளும் குடும்பங்கள் எத்தனையோ இருக்கும் என்று நினைக்கிறேன்.

சட்டத்தைவிடக் கடினமாக இருந்தது வீட்டுக்குள் நடந்த பேச்சு. அமெரிக்காவில் இருக்கும் அக்கா, போலீஸில் கொடுத்து அந்த ஆயாவை உள்ளே தள்ள வேண்டும் என்று ஒவ்வொரு ஞாயிறும் வீடியோ அழைப்பில் சொன்னாள். அம்மாவுக்குத் தங்கை உயிரோடு வந்ததே போதும். கோர்ட்டு வாசலை மிதிக்காத குடும்பம் என்பதில் அவருக்கு ஒரு பெருமை இருந்தது. அண்ணனுக்குச் செலவும் அலைச்சலும் கவலை. நான் மனத்துக்குள் அக்காவின் பக்கம்தான் இருந்தேன். சித்தி கட்டிலில் ஒருக்களித்துப் படுத்தபடி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். புண் ஆறத் தொடங்கி அவரால் சாய்ந்து உட்கார முடிந்த பிறகு ஒருநாள், "எல்லாரும் பேசி முடிச்சாச்சா? கட்டினது என் கையைத்தானே?" என்று கேட்டார்.

அந்த ஆயாவைப் பற்றி அவர் சொன்னது எங்கள் கணக்கில் இல்லாதது. மாடி முழுவதற்கும் இரவில் அவர் ஒருவர்தான். கட்டச் சொன்னவர் மேலாளர். கட்ட மறுத்தால் வேலை இல்லை. கட்டிய பிறகு முடிச்சைத் தளர்த்திவிட்டுப் போன இரவுகளும் உண்டாம். "அவ பேரை எழுதாதே. அவளுக்கு மேலே ஒருத்தன் இருக்கான், அவனை எழுது" என்றார். குற்றவியல் வழக்கில் முதலில் கைதாகிறவர் சம்பளம் குறைந்தவராக இருப்பதும், ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டவர் முன்ஜாமீனோடு வீட்டில் இருப்பதும் நடக்கக்கூடியதுதான் என்று வழக்கறிஞரும் ஒப்புக்கொண்டார். இதனால் குற்றவியல் புகாரே கூடாது என்று சொல்லமாட்டேன். அடித்தவர், திருடியவர், பாலியல் தொல்லை தந்தவர் விஷயத்தில் நிலைமை வேறு. அங்கே தயங்குவது அடுத்தவரைப் பலிகொடுப்பதாகிவிடும். உயிரிழப்பு நேர்ந்திருந்தாலும் நாங்கள் வேறு முடிவெடுத்திருப்போம்.

மன்னித்து விட்டுவிடலாம் என்று சித்தி சொல்வதாக அம்மா புரிந்துகொண்டு மகிழ்ந்தார். ஆனால் சித்தி விடுவதாக இல்லை. அவருடைய அறையில் பக்கத்துக் கட்டிலில் இருக்கும் அம்மாளுக்குப் பேச்சு வராது, பார்க்க வருபவரும் இல்லை. தன் முன்பணத்தைவிட அந்த அம்மாளின் இரவுகளைப் பற்றித்தான் சித்தி அதிகம் பேசினார். ஆணையம் இழப்பீடு மட்டுமல்லாமல், சேவையில் உள்ள குறைபாட்டை நீக்கும்படியும் உத்தரவிடலாம் என்று அறிந்ததும், இரவுப் பணிக்குப் போதிய ஆட்கள் வேண்டும், மருத்துவரின் எழுத்துப்பூர்வ அனுமதி இல்லாமல் யாரையும் கட்டக் கூடாது என்ற இரண்டையும் பரிகாரப் பகுதியில் முதலில் சேர்க்கச் சொன்னார். மற்றவர்களுக்காக அப்படிக் கேட்பது ஏற்கப்படுமா என்று வழக்கறிஞருக்குச் சந்தேகம் இருந்தது, இருந்தாலும் எழுதினார்.

பொறுப்பாளராகக் கையெழுத்திட்டவன் நான் என்பதால் புகாரை என் பெயரில் போட்டுவிடலாம் என்றும், அது அவருக்கு அலைச்சல் இல்லாதது என்றும் ஒரு யோசனை வந்தது. சேவையின் பயனாளியும் நுகர்வோர்தான் என்பதால் சட்டப்படி சித்தியே புகார்தாரராக இருக்கலாம். வயதாகிவிட்டது, மறதி இருக்கிறது, சாட்சி செல்லாது என்று இல்லத் தரப்பு சொல்லக்கூடும் என்றும் பேசினோம். கேட்கும் கேள்வியைப் புரிந்துகொண்டு பொருத்தமாகப் பதில் சொல்ல முடிந்த எவரும் சாட்சி சொல்லத் தகுதியானவரே. தேதிகள் சித்திக்குக் குழம்புகின்றன, நடந்தவை குழம்பவில்லை. புகார்தாரர் அவர், அவருடைய அதிகாரம் பெற்றவனாக உடன் செல்பவன் நான் என்று முடிவானது. வழக்கு நடக்கும்போதே அவர் காலமாகிவிட்டால் என்ன என்ற கேள்வியையும் தயங்காமல் கேட்டவர் அவரே. சட்டப்படியான வாரிசுகள் தொடரலாம் என்று வழக்கறிஞர் சொன்னதும் தலையாட்டினார்.

ஆகவே மாவட்ட சமூக நல அலுவலருக்கு ஒரு புகாரும், நிர்வாகத்தை மட்டும் குறிப்பிட்டுக் காவல் நிலையத்தில் ஒரு மனுவும், மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் சித்தியின் பெயரில் ஒரு புகாரும் கொடுத்திருக்கிறோம். காவல் நிலைய மனுவுக்கு சி.எஸ்.ஆர். கிடைத்திருக்கிறது, முதல் தகவல் அறிக்கை இன்னும் இல்லை. சமூக நல அலுவலகத்திலிருந்து ஆய்வுக்குப் போய்வந்ததாகத் தகவல். ஆணையத்தின் நோட்டீஸ் இல்லத்துக்குச் சேர்ந்துவிட்டது. பதிலுரை தர 30 நாள், ஆணையம் அனுமதித்தால் மேலும் 15 நாள், அதற்கு மேல் கிடையாது என்று 2020இல் உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு தீர்ப்பளித்திருப்பதால், அந்தக் கெடு இப்போது ஓடிக்கொண்டிருக்கிறது. இதற்கிடையில் எல்லாப் புகார்களையும் திரும்பப் பெற்றால் முன்பணத்தை முழுமையாகத் தந்துவிடுவதாக மேலாளரிடமிருந்து ஒரு கடிதம் வந்தது. சித்தி அதை இரண்டுமுறை படித்துவிட்டு, இரவுப் பணிக்கு எத்தனை பேர் என்று அதில் எதுவும் இல்லையே என்றார். கையெழுத்திடவில்லை.